நாயும் பைனாகுலரும்: ப்ராஸ்பெக்ட் பார்க்ல காலை ஒன்பது மணி வரைக்கும்

நியூயார்க் வந்து புதுசா நாய் எடுத்தவங்க, இல்ல புதுசா பைனாகுலர் வாங்கிப் பறவை பார்க்கக் கிளம்பினவங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இத எழுதறேன், ஏன்னா எங்க வீட்ல ரெண்டும் இருக்கு. கருப்பன்னு ஒரு லேப்ரடார் கலப்பு நாய், ஷெல்டர்லேர்ந்து கூட்டிட்டு வந்தோம். கழுத்துல பைனாகுலர், கையில லீஷ் (நாயக் கட்டற கயிறு), ப்ரூக்ளின் ப்ராஸ்பெக்ட் பார்க், வருஷம் முழுக்க எங்க காலை இப்படித்தான் விடியும். இங்க நாய்க்காரங்களும் பேர்டிங் (பறவை பார்க்க) வர்றவங்களும் ஒருத்தர ஒருத்தர் முறைச்சுக்கறத நிறைய பார்த்திருக்கேன், ரெண்டு பக்கமும் நின்னு திட்டும் வாங்கியிருக்கேன். ரெண்டு கூட்டத்துலயும் நல்ல மனுஷங்கதான், ஆனா ரெண்டு கூட்டத்துக்கும் வேண்டியது விடிஞ்சதும் வர்ற அதே மூணு மணி நேரம். நேரத்தப் பங்கு போட முடியாது, இடத்தப் போடலாம். நடு புல்வெளி நாய்க்கு, மரத்தடி பறவைக்கு. கீழ சொல்றதெல்லாம் இத எப்படி நடைமுறையில செய்யறதுன்னுதான்.

முதல்ல விதி என்னன்னு தெளிவா தெரிஞ்சுக்கங்க, பாதி சண்டை விதி தெரியாமத்தான் வருது. நியூயார்க் சிட்டி பார்க்ல நாய் லீஷ்ல இருக்கணும், லீஷ் 6 அடிக்கு மேல நீளக்கூடாது. இழுத்தா நீளுற சுருள் லீஷ் வச்சிருந்தா 6 அடியில லாக் பண்ணிடுங்க. இதுக்கு விலக்கு என்னன்னா, சில பார்க்ல, அதுலயும் குறிப்பிட்ட இடத்துல மட்டும், காலையில பார்க் திறந்ததுலேர்ந்து 9 மணி வரைக்கும், ராத்திரி 9 மணிலேர்ந்து மூடற வரைக்கும் அவுத்து விடலாம். ஆஃப்-லீஷ் நேரம்னு சொல்வாங்க. இது ரொம்ப வருஷம் எழுதாத வழக்கமாத்தான் இருந்துச்சு, குவீன்ஸ்ல ஜூனிப்பர் பார்க் பக்கத்து மக்கள் சங்கம் 2006ல கோர்ட்டுக்குப் போனாங்க, கேஸ் நிக்கல, அதுக்கப்புறம் 2007ல முறையான விதியாவே ஆயிடுச்சு. அதனால காலை 7 மணிக்கு நடு புல்வெளியில ஓடுற நாயப் பார்த்து "இது சட்டவிரோதம்"னு சொல்றவங்களும் தப்பு, 9 மணிக்குள்ளனா பார்க்ல எங்க வேணா அவுத்து விடலாம்னு நினைக்கிறவங்களும் தப்பு.

ப்ராஸ்பெக்ட் பார்க் காலை 5 மணிக்குத் திறக்கும், ராத்திரி 1 மணிக்கு மூடும். அவுத்து விடற பெரிய இடம் ரெண்டு, லாங் மெடோ, நெதர்மெட், ரெண்டும் புல்வெளி. காட்டுப் பாதை எதுவும் இதுல சேராது, பேஸ்பால் கிரவுண்டும் சேராது. மன்ஹாட்டன் பக்கம் இருக்குறவங்களுக்கு சென்ட்ரல் பார்க், அங்க 6 மணிக்குத்தான் கேட், அங்க ராம்பிள்னு ஒரு காட்டுப்பகுதி இருக்கு, கிட்டத்தட்ட 36 ஏக்கர், அதுல எந்த நேரமானாலும் லீஷ் கட்டாயம். அங்கேயே ஷீப் மெடோங்கிற புல்வெளியில நாய்க்கே அனுமதி இல்ல. ஒவ்வொரு பார்க்கும் வேற மாதிரி, அதனால முதல் நாள் நாய் இல்லாம ஒருதடவ நடந்து போர்டெல்லாம் படிச்சிட்டு வந்துடுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன், ரொம்ப உதவுச்சு.

லைசென்ஸ் எடுக்காம அவுத்து விடாதீங்க. கருத்தடை பண்ண நாய்க்கு வருஷத்துக்கு 8.50 டாலர், பண்ணாததுக்கு 34 டாலர், ஆன்லைன்லயே முடிஞ்சிடும், டேக் வந்ததும் காலர்ல மாட்டிடுங்க. ரேபிஸ் ஊசி போட்ட சர்டிஃபிகேட்ட போன்ல போட்டோவா வச்சுக்கங்க, ஆஃப்-லீஷ் நேரத்துல ரெண்டும் கேட்பாங்க. பெரிய நாய் வச்சிருக்கறவங்க இன்னொன்னும் தெரிஞ்சுக்கணும், சப்வேல நாய் பைக்குள்ள அடங்கினாத்தான் கூட்டிட்டுப் போகலாம், அதனால நடந்து போற தூரத்துல இருக்குற பார்க்தான் உங்க பார்க்.

இப்ப பறவை விஷயத்துக்கு வர்றேன், நாய்க்காரங்க இதக் கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வந்துடும். வசந்த காலத்துல தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காலேர்ந்து கிளம்புற சின்னச் சின்னப் பறவைங்க வடக்க கனடா காடு வரைக்கும் போகுது, அட்லாண்டிக் கரையோரமா இருக்குற அந்த வழி நேரா நியூயார்க் மேலதான் போகுது. பறக்கிறது ராத்திரியில. விடியும்போது கீழ பார்த்தா எங்க பார்த்தாலும் கான்கிரீட், நடுவுல பச்சையா ஒரு திட்டு, ப்ராஸ்பெக்ட் பார்க் 526 ஏக்கர். எல்லாம் அங்கதான் வந்து இறங்கும். ராத்திரி முழுக்க பறந்து உடம்புல இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சு போய், இறங்கினதும் முதல் வேலையா புழு பூச்சி தேடும். பிளாக்போல் வார்ப்ளர்னு ஒரு குட்டிப் பறவை வரும், வெயிட் சுமார் 12 கிராம், மூணு டீஸ்பூன் சர்க்கரை அவ்ளோதான். மே மாசம் நடுவுல சூரியன் வர்றது அஞ்சரை மணி வாக்குல, அதுலேர்ந்து எட்டு ஒன்பது மணி வரைக்கும்தான் அதுங்களுக்கு முக்கியமான சாப்பாட்டு நேரம். நம்ம நாயோட ஆஃப்-லீஷ் நேரத்தோட அப்படியே வந்து உக்காருது பாருங்க.

எல்லாப் பறவையும் மரத்து உச்சியில இருக்கும், நாய் அத என்ன பண்ணிடப் போகுதுன்னு நானும் நினைச்சிருக்கேன். நிறைய தரையிலதான் இருக்கு. ஒரு மே மாசக் காலையில பார்க்குக்குள்ள இருக்குற லுக்அவுட் ஹில் அடிவாரத்துல அவன்பேர்ட்னு ஒரு பறவை பார்த்தேன், பழுப்பு முதுகு, நெஞ்சுல கறுப்புக் கோடு, தலை நடுவுல ஆரஞ்சு கலர்ல ஒரு வகிடு. தத்தாது, கோழி மாதிரி ஒவ்வொரு காலா எடுத்து வச்சு காஞ்ச சருகு மேல நடக்கும், ஒரு இலையத் தூக்கி உள்ள பார்க்கும், எதையோ கொத்தும், அடுத்த இலைக்குப் போகும். நாலு நிமிஷம் மூச்சு விடாம பார்த்துட்டிருந்தேன். அந்தப் பக்கமா ஒரு நாய் வந்துச்சு, துரத்தக் கூட இல்ல, சும்மா மோப்பம் பிடிச்சிட்டே போச்சு. அவன்பேர்ட் குட்டிக் கிளைல ஏறி டிக் டிக்னு கத்திட்டே இருந்துச்சு, நாய் போயி இருபது நிமிஷம் ஆகியும் கீழ இறங்கல. அந்த இருபது நிமிஷ சாப்பாடு போச்சு. அதே மாதிரி இன்னும் அஞ்சாறு நாய் 9 மணிக்குள்ள அந்த வழியா போகும்.

லீஷ்ல இருந்தாலும் பறவைக்கு நாய் நாய்தான். ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கத்துக் காடுகள்ல ஒரு ஆய்வு பண்ணி 2007ல வெளியிட்டாங்க, லீஷ் போட்ட நாயோட மனுஷன் நடந்த பாதையில பறவை எண்ணிக்கை 41 சதவீதம் குறைஞ்சுது, வகை 35 சதவீதம் குறைஞ்சுது. நாய் இல்லாம மனுஷன் மட்டும் நடந்தப்பவும் குறைஞ்சுது, ஆனா பெரும்பாலும் அதுல பாதிக்கும் கம்மிதான். பேர்டிங் பண்றவங்க இந்தக் கடைசி வரிய ரெண்டு தடவ படிக்கணும், நம்ம காலடியும் அதுங்களுக்குத் தொந்தரவுதான்.

சரி, நாய்க்காரங்களுக்கு செய்முறை. அவுத்து விடறதுக்கு முன்னாடி கூப்பிட்டா வருமான்னு உறுதி பண்ணுங்க. வீட்ல வர்றது கணக்கே இல்ல, அணில் ஓடும்போது வரணும். நான் பழக்கினது இப்படி: வேலி போட்ட டாக் ரன்ல ஆரம்பிங்க, பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, பேர நாள் முழுக்க சொல்லிச் சொல்லி அதுக்கு மரத்துப் போயிருக்கும், இதுக்குன்னு தனியா ஒரு சொல் வச்சுக்கங்க, எங்களுக்கு "ஓடியா". வந்ததும் வேகவச்ச கோழி, பிஸ்கட் இல்ல, கோழியேதான். முக்கியமான விஷயம், வந்ததும் லீஷ மாட்டுங்க, கோழி குடுங்க, திரும்ப அவுத்து விட்டுடுங்க. ஒரு காலையில பத்து தடவ. இல்லன்னா கூப்பிட்டா விளையாட்டு முடிஞ்சிடும்னு நாய் புரிஞ்சுக்கும், அப்புறம் கிட்டயே வராது. கருப்பனுக்கு இது பழக மூணு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் அவன பெரிய புல்வெளியில அவுத்து விடல. சில நாய்க்கு, குறிப்பா வேட்டை ஜாதிக்கு, இது வராமலேயே போகலாம், அதுக்கு டாக் ரன்தான் சரி, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல.

அடுத்து எங்க அவுத்து எங்க கட்டறது. கிராண்ட் ஆர்மி பிளாசா பக்கம் வந்தா என்டேல் ஆர்ச் வழியா வெளிய வந்ததும் லாங் மெடோ முன்னாடி விரியும், கிட்டத்தட்ட ஒரு மைல் நீளம். ஆர்ச் தாண்டினதும் ஓரத்துலயே அவுத்து விடாதீங்க, புல்வெளி நடுவுக்கு நடந்து போயிட்டு அவுங்க, ஓரத்துலதான் மரமும் புதரும். பந்து எறியும்போது மரத்துக்கு முதுகு காட்டி நின்னு நடுவ நோக்கி எறிங்க, பந்து போற பக்கம்தான் நாய் போகும், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இதுலயே முக்கால்வாசி பிரச்சனை தீர்ந்துடும். நெதர்மெட்ல இன்னும் கவனம் வேணும், அந்தப் புல்வெளிக்கு வடக்க ரவீன் காடு, தெற்க ரோட்டத் தாண்டினா லுக்அவுட் ஹில், ரெண்டும் வார்ப்ளர் நிறைய வர்ற இடம். அதனால லாங் மெடோலேர்ந்து நெதர்மெட்டுக்குக் காட்டு வழியா போறதா இருந்தா புல் முடியறதுக்கு முப்பது நாப்பது அடி முன்னாடியே லீஷ மாட்டிடுங்க. மரத்தடிக்கு வந்தப்புறம் மாட்டறேன்னு நினைச்சா அது ஏற்கனவே சருகுக்குள்ள மூக்க விட்டிருக்கும்.

முதல் தடவ வர்றவங்களுக்கு நல்ல நாள் மாசத்தோட முதல் சனிக்கிழமை, லாங் மெடோல காஃபி பார்க்னு (இந்த "பார்க்" பூங்கா இல்ல, நாய் குரைக்கிற bark) காலையில நாய்க்காரங்க கூடுவாங்க, அங்க இருக்குற பழைய ஆளுங்க கிட்ட பேசினா எந்த இடத்துல எப்படின்னு எல்லாம் சொல்லிடுவாங்க.

எந்த நாள் ஜாக்கிரதையா இருக்கணும்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. கார்னெல் யுனிவர்சிட்டிக்காரங்களோட பேர்ட்காஸ்ட்னு ஒரு சைட், ரேடார் வச்சு நேத்து ராத்திரி எத்தன பறவை பறந்துச்சுன்னு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா காட்டும், ப்ரூக்ளினுக்கு கிங்ஸ் கவுண்டின்னு தேடணும். மார்ச் 1லேர்ந்து ஜூன் 15 வரை, ஆகஸ்ட் 1லேர்ந்து நவம்பர் 15 வரை ஓடும். வசந்தத்துல தெக்கத்திக் காத்து அடிச்ச ராத்திரிக்கு மறுநாள் கூட்டம் அதிகமா இறங்கும், இலையுதிர் காலத்துல வாடைக்காத்து. அப்படி நம்பர் எகிறியிருக்குற காலையில நான் கருப்பன லாங் மெடோ நடுவுலேர்ந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் விடறதே இல்ல, நல்லா ஓட விட்டு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, நான் மட்டும் திரும்பி வந்து லுக்அவுட் ஹில் ஏறுவேன். மே மாசத்துல ஒரு பத்து நாள் இப்படி ரெட்டை நடை இருக்கும், தூக்கம் போகும், மாக்னோலியா வார்ப்ளரப் பார்த்தா போன தூக்கம் பெருசா தெரியாது.

மத்த மாசம் சுருக்கமா. மார்ச்ல உட்காக்னு ஒரு பறவை வரும், சருகு மேல சருகு மாதிரியே அசையாம உக்காந்திருக்கும், நமக்குத் தெரியாது, நாய் மூக்குக்குத் தெரியும், அதனால காட்டு ஓரத்துல லீஷ சுருக்கிப் பிடிங்க. ஜூலை ஆகஸ்ட்ல ஏரித் தண்ணியில நீலப்பச்சைப் பாசி வரும், நாய் குடிச்சா உயிருக்கே ஆபத்து, போர்டு வச்சிருந்தா தண்ணிப் பக்கமே விடாதீங்க. செத்துக் கிடக்குற வாத்து, கூஸ் எதையும் வாயில வைக்க விடாதீங்க, பறவைக்காய்ச்சல் இருக்கலாம். நாய் தண்ணியில இறங்கறதுக்குன்னு லாங் மெடோ பக்கத்துக் குளத்துல டாக் பீச்னு ஒரு மூலை ஒதுக்கியிருக்காங்க, அத விட்டு மத்த கரையில இறக்கினா நாணல்ல கூடு கட்டியிருக்குற பறவைங்கள மிதிச்சிடும்.

பேர்டிங் வர்றவங்களுக்கு. காலை 9 மணிக்கு முன்னாடி நெதர்மெட் நடுவுல ட்ரைபாட் போட்டு நிக்காதீங்க, அது நாய்ங்களோட இடம், அதுங்களோட நேரம். மர ஓரமா, வெளிய பார்க்காம உள்ள பார்த்து நில்லுங்க. பையில சாப்பாடு வச்சிருந்தா மூடி வைங்க. போன்ல பறவைக் குரல் போட்டுக் கூப்பிடறத விட்டுடுங்க, நாய் தொந்தரவு பண்ணுதுன்னு சொல்லிட்டு நாமளே பண்றது நியாயம் இல்ல, குரல் யாருதுன்னு தெரிஞ்சுக்க மெர்லின் ஆப் கேட்டுச் சொல்லிடும், அது போதும். தனியா பழகறதுக்கு பதிலா ப்ரூக்ளின் பேர்ட் கிளப்போட போங்க, 1909லேர்ந்து இருக்குற கிளப், புதுசா வர்றவங்கள நல்லா பார்த்துக்குவாங்க.

நம்ம ஊர்லேர்ந்து வந்த நிறைய பேருக்கு நாய்னாலே உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும், தெரு நாய் துரத்தின அனுபவம் யாருக்குத்தான் இல்ல. எங்க சித்தி இங்க வந்தப்போ லாங் மெடோவப் பார்த்து உறைஞ்சு போயிட்டாங்க, நூறு நாய் அவுத்து விட்ட மாதிரி. அவங்களுக்கு சொன்னதையே சொல்றேன்: ஓடாதீங்க, கையத் தூக்காதீங்க, கண்ணோட கண் பார்க்காம பக்கவாட்டுல திரும்பி மரம் மாதிரி நில்லுங்க, நாய்க்கு போரடிச்சுப் போயிடும். நாய்க்காரங்க "அது ஒண்ணும் பண்ணாது"ன்னு தூரத்துலேர்ந்து கத்தறத தயவுசெஞ்சு நிறுத்தணும், பயந்து நிக்கிறவங்களுக்கு அது பதில் இல்ல, வந்து கட்டறதுதான் பதில். பயம் ரொம்ப இருக்கறவங்க 9 மணிக்கு அப்புறம் வாங்க, மே மாசத்துல ஒன்பதரைக்கும் பறவை நிறையவே இருக்கும்.

லீஷ் கட்டாயமா இருக்குற இடத்துல யாராவது அவுத்து விட்டிருந்தா எப்படிக் கேட்கறது? இத நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். 2020 மே 25ஆம் தேதி சென்ட்ரல் பார்க் ராம்பிள்ல கிறிஸ்டியன் கூப்பர்னு ஒரு கறுப்பின பேர்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண் கிட்ட நாயக் கட்டச் சொன்னாரு, அந்தம்மா போலீஸுக்கு போன் போட்டு ஒரு ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் ஆள் தன்ன மிரட்டறான்னு சொன்னாங்க, அவர் எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் போச்சு. அன்னிக்குத்தான் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டாரு. நம்ம தோல் நிறத்தோட இங்க நடமாடறவங்க இத மனசுல வச்சுக்கிட்டுத்தான் பேசணும், அது நியாயம்னு சொல்லல, ஜாக்கிரதைக்கு சொல்றேன். நான் செய்யறது: பத்தடி தள்ளி நிப்பேன், பைனாகுலரக் காட்டி சிரிச்சிட்டு, "அங்க கீழ ஒரு பறவை இருக்கு, பார்க்கறீங்களா"ன்னு முதல்ல கேட்பேன், அப்புறம்தான் லீஷ் பத்தி. பறவையப் பார்த்தவங்கள்ல நிறைய பேர் நான் கேட்கறதுக்கு முன்னாடியே நாயக் கட்டிடுவாங்க. முகம் மாறுதுன்னா அதோட விட்டுட்டு நகர்ந்துடுவேன், தினமும் அதே இடத்துல நடந்தா நேரமும் இடமும் குறிச்சு 311ங்கிற நகராட்சி புகார் நம்பருக்கு சொல்லலாம், ஆள போட்டோ எடுத்து சண்டையப் பெருசாக்காதீங்க.

கடைசியா ஜூன் மாசம். ராபின் குஞ்சுங்க கூட்ட விட்டு இறங்கி ரெண்டு வாரம் போல புல்லுலயும் புதரடியிலயும்தான் இருக்கும், நெஞ்செல்லாம் புள்ளி, வால் குட்டையா, பறக்க வராது, தாய் பக்கத்துலதான் இருக்கும், அதனால சும்மா உக்காந்திருக்குற குஞ்சத் தூக்காதீங்க. ஆனா நாய் வாய் வச்சிட்டா வேற கதை. ரெண்டு வருஷம் முன்னாடி லாங் மெடோ ஓரத்துல கருப்பன் ஒண்ணக் கவ்விட்டான், புல்லுல எனக்குத் தெரியல, "ஓடியா"ன்னதும் வந்து என் காலடியில வச்சான், குஞ்சு கண்ணத் திறந்து என்னப் பார்த்துச்சு. எனக்கு கை கால் ஓடல. பக்கத்துல பைனாகுலரோட நின்ன ஒரு வயசான அம்மா, ஒரு வாரம் முன்னாடிதான் என் கிட்ட லீஷ் பத்தி கோபமா பேசினவங்க, எதுவும் சொல்லாம அவங்க சாண்ட்விச் கொண்டு வந்த பழுப்புக் காகிதப் பையக் காலி பண்ணிக் குடுத்தாங்க.

அவங்க சொல்லிக் குடுத்ததுதான்: காகிதப் பை, பிளாஸ்டிக் கூடாது, அடியில ஒரு டிஷ்யூ, மேல மடிச்சு கிளிப் போடணும், தண்ணியும் குடுக்கக்கூடாது சாப்பாடும் குடுக்கக்கூடாது, இருட்டா அமைதியா வச்சிருக்கணும், அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது. வெளிய காயம் தெரியலன்னாலும் நாய் பல்லு பட்டிருந்தா உள்ள கிருமி போயிருக்கும், அதனால நேரா மன்ஹாட்டன்ல கொலம்பஸ் அவென்யூல இருக்குற வைல்ட் பேர்ட் ஃபண்ட் பறவை ஆஸ்பத்திரிக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கா பார்த்துக்கங்க. வார நாள்ல ப்ராஸ்பெக்ட் பார்க் ஸ்டேஷன்லேர்ந்து பி ட்ரெயின் நேரா 86வது தெருவுக்குப் போகும், அங்கேர்ந்து கொஞ்ச நடைதான். கருப்பன அந்தம்மாவே பிடிச்சிட்டு எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனாங்க. நான் மடியில பையோட ட்ரெயின்ல உக்காந்திருந்தேன், உள்ள அப்பப்ப நகம் காகிதத்த சொறியற சத்தம் கேட்டுச்சு, அது கேட்கிற வரைக்கும் நிம்மதி.

இப்ப என் பையில நாய்க் கழிவு அள்ளற கவரோட சேர்த்து ரெண்டு பழுப்புக் காகிதப் பையும் மடிச்சு வச்சிருக்கேன், ஒண்ணு எனக்கு, ஒண்ணு பக்கத்துல நிக்கிற யாருக்காவது.